பூட்டைத் திறந்த பிறகு என்ன நடக்கிறது?

ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதித் தேறிய எந்த மாணவரையும் நடுராத்திரியில் எழுப்பி "மியூடெக்ஸ் எதற்கு?" என்று கேளுங்கள். தூக்கக் கலக்கத்திலும் பதில் வரும். இரண்டு த்ரெட்கள், ஒரே ஒரு மாறி, இரண்டும் ஒரே சமயத்தில் அதில் ஒன்றைக் கூட்டப் பார்க்கின்றன, இரண்டு கூட வேண்டிய இடத்தில் ஒன்றுதான் கூடுகிறது, ஆகவே பூட்டு போட வேண்டும். இதோடு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட முடியாமல் தவிக்கும் ஐந்து தத்துவ ஞானிகளின் படத்தையும் வரைந்துவிட்டால் முழு மதிப்பெண்.

அதே மாணவரிடம் இன்னொரு கேள்வி. "பூட்டு, அது காக்க வேண்டிய பொருளுக்கு உள்ளேயே இருக்கிறது. அந்தப் பொருளையே அழிக்க வேண்டிய நேரம் வந்தால் பூட்டை என்ன செய்வாய்?" இப்போது தூக்கம் கலைந்துவிடும். பதில்தான் வராது. பெரும்பாலான பாடப்புத்தகங்கள் இதைத் தொடுவதில்லை, கேள்வித்தாளும் தொடுவதில்லை. ஆனால் இயங்குதளம், டேட்டாபேஸ், பிரவுசர் என்று எந்தப் பெரிய மென்பொருளை எடுத்தாலும், கை தேர்ந்தவர்களையே மாதக்கணக்கில் அலைய வைக்கும் வழுக்கள் பல இந்த இரண்டாவது கேள்விக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. கல்லூரிகள் முதல் கேள்வியைக் கற்றுக்கொடுத்துவிட்டு, இரண்டாவதை வேலைக்குப் போன இடத்தில் அடிபட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகின்றன. இது சரியில்லை. ஏன் சரியில்லை என்பதற்கு லினக்ஸ் கெர்னலில் 2013-இல் திருத்தப்பட்ட ஒரு வழுவே போதும்.

வழு இருந்த இடம் பைப். யூனிக்ஸில் ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொரு கட்டளைக்கு உள்ளீடாக அனுப்பும் அந்த நெட்டுக்குத்துக் கோடு. டக் மெக்கில்ராய் பல வருடங்களாக வற்புறுத்திய யோசனை, கென் தாம்சன் 1973-இல் எழுதிச் சேர்த்தது. யூனிக்ஸ் வழியில் வந்த இயங்குதளங்களில் இதைவிடப் பழைய, இதைவிட அதிகம் புழங்கிய சாமான் அதிகம் இருக்காது. அப்படிப்பட்ட இடத்திலா வழு என்று கேட்கத் தோன்றும். பழைய சாமானில் புதிதாக ஆணி அடித்தால் அங்கேதான் விரிசல் விழும்.

ஒரு பைப்பைத் திறந்தால் கெர்னலுக்குள் ஒரு பொருள் உருவாகிறது. எழுதியதும் இன்னும் படிக்கப்படாததுமான தரவு எங்கே இருக்கிறது, படிப்பவர்கள் எத்தனை பேர், எழுதுபவர்கள் எத்தனை பேர் என்ற விவரங்கள் அதில் இருக்கும். இந்தப் பைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் திறந்த கோப்புகள் எத்தனை என்று இன்னொரு எண்ணிக்கையும் உண்டு. அது பூஜ்யம் ஆகும்போது பொருளுக்கு ஆயுள் முடிந்தது. நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்தப் பொருளுக்கு வெளியே, கோப்பு முறைமையின் கணக்கில், ஐநோட் என்ற வேறொரு பொருள் இருக்கிறது. பைப்புக்கு ஐநோட் வீடு மாதிரி. பைப் போன பிறகும் ஐநோட் கொஞ்ச நேரமாவது இருக்கும்.

3.10-க்கு முந்தைய கெர்னல்களில் பைப்பின் விவரங்களைக் காத்த மியூடெக்ஸ் அந்த ஐநோடில் இருந்தது. அதாவது, பூட்டு வீட்டு வாசலில். பொருள் வீட்டுக்கு உள்ளே. 2013 ஜூன் இறுதியில் வெளியான 3.10-இல் இது மாறியது. ஐநோட் பூட்டு வேறு பல வேலைகளுக்கும் பயன்படுவது. பைப் அதைப் பிடித்துத் தொங்குவதால் சிக்கல்கள் வருகின்றன என்று கோப்பு முறைமைப் பகுதியைப் பராமரிக்கும் ஆல் விரோ பைப் நிரலைச் சீரமைத்தார். பைப்புக்கென்று தனி மியூடெக்ஸ், பைப் பொருளுக்கு உள்ளேயே. நோக்கத்தில் ஒரு குறையும் இல்லை. எந்தப் புத்தகமும் இதைத்தான் பரிந்துரைக்கும்: ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் பூட்டு.

விரோ அஜாக்கிரதையானவரும் அல்ல. பொருளை அழிக்கும் இடம் ஆபத்தானது என்று தெரிந்தே, அங்கே நிரல் கவனமாக எழுதப்பட்டிருந்தது. பைப்பை மூடும் ஒவ்வொரு பிராசஸும் முதலில் பைப்பின் மியூடெக்ஸைப் பிடிக்க வேண்டும். படிப்பவர், எழுதுபவர் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். பிறகு ஐநோடில் உள்ள ஒரு சின்ன ஸ்பின்லாக்கைப் பிடித்து, கோப்பு எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்க வேண்டும். பூஜ்யம் ஆகிவிட்டால் "நான்தான் கடைசி ஆள்" என்று ஒரு குறிப்பு வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்பின்லாக்கை விட வேண்டும். மியூடெக்ஸை விட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, கடைசி ஆளாக இருந்தால் மட்டும், நினைவகத்தை விடுவிக்க வேண்டும். அழிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் நடக்கிறது. இதற்கு மேல் என்ன கவனம் வேண்டும்?

அழிப்பவரைப் பொறுத்தவரை இது சரி. பிரச்சினை அழிக்காதவரிடம்!

ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வீட்டாரும் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம். கிளம்புகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். கடைசிக் கையெழுத்து யாருடையதோ அவர் மண்டபத்தை மேனேஜரிடம் ஒப்படைக்க வேண்டும். பெண் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் கடைசி ஆள் இல்லை, ஆகவே ஒப்படைக்கும் பொறுப்பு அவருக்கு இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு ஸ்டோர் ரூமை எட்டிப் பார்த்து லைட்டை அணைக்க மறுபடி உள்ளே போகிறார். அதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்காரர் வருகிறார், நோட்டைப் பார்க்கிறார், தான்தான் கடைசி என்று தெரிந்து மண்டபத்தை ஒப்படைத்துவிட்டுப் போகிறார். அடுத்த கல்யாணக்காரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். ஸ்டோர் ரூமில் இருக்கும் நம் ஆள் சுவிட்சைத் தட்டுகிறார். யாரோ ஒருவருடைய கல்யாணத்தில் விளக்கு அணைகிறது.

கெர்னலில் நடந்தது இதேதான். முதல் பிராசஸ் எண்ணிக்கையை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்தது. அந்தக் கணத்திலிருந்து அந்தப் பொருள்மேல் அதற்கு உரிமை இல்லை. ஆனால் மியூடெக்ஸை விடும் வேலை பாக்கி இருக்கிறது, அந்த மியூடெக்ஸோ பொருளுக்குள்ளே. இரண்டாவது பிராசஸ் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி நினைவகத்தை விடுவித்துவிட்டால், முதல் பிராசஸ் திறப்பது இல்லாத பூட்டை.

இங்கே கூர்மையான வாசகர் கையைத் தூக்குவார். தூக்கவும் வேண்டும். இரண்டாவது பிராசஸும் எண்ணிக்கையைத் தொடுவதற்கு முன் அதே மியூடெக்ஸைப் பிடித்தாக வேண்டுமே? முதல் பிராசஸ் மியூடெக்ஸை விட்டால்தானே இரண்டாவதற்குக் கிடைக்கும்? அப்படியென்றால் முதல் ஆளின் வேலை முடிந்த பிறகுதானே இரண்டாவது ஆள் உள்ளே வர முடியும்?

முடியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பூட்டைத் திறப்பது என்பது ஒரே கணத்தில் நடந்து முடிகிற செயல் என்ற நம்பிக்கை அது. ஸ்பின்லாக் விஷயத்தில் அந்த நம்பிக்கை சரி: பூட்டின் நினைவகத்தில் ஒரு எழுத்து, அவ்வளவுதான், அதன் பிறகு திறந்தவர் பூட்டைத் தொடுவதே இல்லை. மியூடெக்ஸ் அப்படி இல்லை. மியூடெக்ஸுக்குக் காத்திருப்பவர்கள் தூங்கப் போகலாம். ஆகவே காத்திருப்போர் பட்டியல் ஒன்று அதற்குள் இருக்கிறது. அந்தப் பட்டியலைக் காக்க இன்னொரு ஸ்பின்லாக் இருக்கிறது. பூட்டுக்குள் பூட்டு. யாராவது காத்திருக்கும்போது மியூடெக்ஸைத் திறப்பவர், முதலில் "பூட்டு காலி" என்று குறித்துவிட்டு, காத்திருப்பவரை எழுப்பி, கடைசியில் அந்த உள் ஸ்பின்லாக்கை விடுகிறார். "காலி" என்று குறித்த கணத்திலேயே வேறொரு பிராசஸரில் சுழன்றுகொண்டிருக்கும் ஆள் உள்ளே புகுந்துவிடலாம். உள்ளே புகுந்து, எண்ணிக்கையைக் குறைத்து, மியூடெக்ஸை விட்டு, பொருளையே அழித்துவிட்டும் போகலாம். இத்தனைக்கும் முதல் ஆள் இன்னும் உள் ஸ்பின்லாக்கைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார். கதவைத் திறந்துவிட்டார், தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்கவில்லை.

அவர் அதை விடும்போது என்ன ஆகும்? அன்றைய எக்ஸ்86 ஸ்பின்லாக் டோக்கன் முறையில் இயங்கியது, வங்கியில் டோக்கன் எண் மாறுவது போல. விடுவது என்றால் ஓர் எண்ணில் ஒன்றைக் கூட்டுவது. அந்த இடத்தில் இப்போது பைப் இல்லை. கெர்னலின் வேறு ஏதோ பகுதி அந்த நினைவகத்தை வாங்கி வேறு எதையோ வைத்திருக்கிறது. அந்த ஏதோ ஒன்றில் ஓர் எண் ஒன்று கூடிவிடுகிறது. அவ்வளவுதான் சேதம். எந்தச் சத்தமும் இல்லை.

சத்தம் பிறகு, வேறெங்கோ கேட்கும். 2013 ஜூலையில் சர்வர்களை நடத்தும் ஒருவர் அனுப்பிய புகாரில் கெர்னல் விழுந்த இடம் பைப்பே இல்லை; நினைவகம் ஒதுக்கும் பகுதி. பார்த்தால் ஒரே ஒரு பிட் மாறியிருக்கிறது. ஒரு பிட் மாறினால் யாராக இருந்தாலும் முதலில் என்ன சொல்வார்கள்? "ரேம் கெட்டுப்போச்சு, மாத்திப் பாருங்க." உலகத்தில் இப்படிச் சொல்லி மூடப்பட்ட வழுப் புகார்கள் எத்தனையோ. அதிலும் பல உண்மையாகவே ரேம் கோளாறுகளாக இருப்பதுதான் கொடுமை. இந்த ஆள் விடவில்லை. வேறொரு இடத்திலிருந்தும் இதே மாதிரிப் புகார் வந்தது. பிழை தேடும் வசதிகளைக் கெர்னலில் முடுக்கிவிட்டுப் பார்த்தால், அவை எல்லாவற்றையும் கொஞ்சம் மெதுவாக்கின. மெதுவானதும் வழு ஒளிந்துகொண்டது. டார்ச் அடித்தால் ஓடிப்போகும் கரப்பான்பூச்சி மாதிரி. டிசம்பர் தொடக்கத்தில்தான் லினஸ் டோர்வால்ட்ஸ் திருத்தத்தைச் சேர்த்தார். ஐந்து மாதம்!

திருத்தம் எவ்வளவு பெரியது? வெட்கப்படும் அளவுக்குச் சின்னது. மியூடெக்ஸை முதலில் முழுதாக விட்டுவிடு. அதன் பிறகு எண்ணிக்கையைக் குறை. இரண்டு வேலைகளின் வரிசையை மாற்றியதுதான். ஒவ்வொருவரும் தன் பங்கைக் கையில் வைத்துக்கொண்டே மியூடெக்ஸை விடுவதால், யாராவது ஒருவர் தாழ்ப்பாளில் கை வைத்திருக்கும் வரை எண்ணிக்கை பூஜ்யமாகவே ஆகாது. மண்டபத்தில் சொன்னால், லைட்டை அணைத்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்கள். எண்ணிக்கையைக் குறைப்பதும் கடைசி ஆளாக இருந்தால் அழிப்பதும் ஒரு தனி ஃபங்ஷனாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு இடங்களில் இருந்த ஒரே மாதிரி வரிகள் ஒன்றாயின. புதிய பூட்டு எதுவும் சேர்க்கப்படவில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இந்தக் கட்டுரையின் வழக்கே இருக்கிறது. பூட்டு சம்பந்தமான வழு என்றாலே "எங்கேயோ ஒரு லாக் விட்டுப்போச்சு" என்று தேடுவதும், சந்தேகம் உள்ள இடத்தில் எல்லாம் இன்னொரு பூட்டைப் போட்டுப் பார்ப்பதும் பழக்கமாகிவிட்டது. போட்டதும் வழு மறைந்துவிட்டால் "ஃபிக்ஸ் ஆயிடுச்சு" என்று மூடிவிடுவது அதைவிட மோசம். பைப் வழுவைக் கவனியுங்கள்: பிழை தேடும் வசதியை முடுக்கியதும் அதுவும்தான் மறைந்தது. எதைச் சேர்த்தாலும் வேகம் மாறும். வேகம் மாறினால் இந்த மாதிரி வழு மறையும். ஆகவே மறைந்தது என்பது எதற்குமே சாட்சி இல்லை. ஓர் ஊழியர் ஒரு பூட்டைச் சேர்த்துவிட்டு "இப்போது வரவில்லை" என்றால், அவர் சொல்வது காய்ச்சல் மாத்திரை போட்டதும் உடம்பு சுடவில்லை என்பது மாதிரிதான்.

அப்படியானால் எது திருத்தம்? எந்த வரிசையில், எந்த இரண்டு பேர், எந்த நினைவகத்தைத் தொட்டதால் இது நடந்தது என்று காகிதத்தில் எழுதிக்காட்ட முடிய வேண்டும். மாற்றத்துக்குப் பிறகு அந்த வரிசை ஏன் சாத்தியமே இல்லை என்றும் எழுதிக்காட்ட வேண்டும். டோர்வால்ட்ஸ் தன் மாற்றத்தோடு எழுதிய விளக்கம் அதைத்தான் செய்கிறது. பழைய நிரலின் அந்தச் சில வரிகளை எடுத்துப் போட்டு, இது சரியாகத் தெரிகிறது, ஆனால் உடைந்தது, எப்படி என்று பாருங்கள் என்று ஓர் ஆசிரியர் போல நடத்திக்காட்டுகிறது. அவர் பேசும் தொனி பற்றிப் பலருக்குப் பல கருத்துகள் உண்டு. இந்த விளக்கத்தைக் குறை சொல்ல ஆள் இருக்காது. அந்த விளக்கம் இல்லாமல் வரிசை மாற்றம் மட்டும் வந்திருந்தால், இரண்டு வருடம் கழித்து யாராவது ஒரு புத்திசாலி "இது ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறது?" என்று பழையபடி மாற்றியிருப்பார்.

மாற்றியதே இல்லையா என்ன? 2016 அக்டோபரில் உலகமே பேசிய 'டர்ட்டி கவ்' வழுவை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பில் சாதாரணப் பயனர் எழுத முடிந்தது. அதை வைத்து ரூட் ஆக முடிந்தது. அதே வழுவைப் பதினோரு வருடங்களுக்கு முன்பே, 2005-இல், தானே ஒருமுறை சரிசெய்ய முயன்றதாக டோர்வால்ட்ஸ் தன் திருத்தத்தோடு எழுதினார். ஐபிஎம்மின் எஸ்390 மெஷின்களில் அது சிக்கல் தந்ததால் பின்வாங்கப்பட்டது. அன்றைக்கு ஏட்டளவில் மட்டுமே இருந்த இடைவெளி, மெஷின்களும் கெர்னலும் மாற மாற எட்டக்கூடிய இடைவெளியாகிவிட்டது. 2016 திருத்தத்திலும் பெரிய பக்கங்கள் சம்பந்தப்பட்ட ஒரு மூலை விட்டுப்போய், 2017-இல் அதையும் தனியாக அடைக்க வேண்டி வந்தது. இத்தனைக்கும் உலகத்தின் மிகத் திறமையான கண்கள் பார்த்த நிரல் இது.

"இதெல்லாம் கோடியில் ஒரு தடவை வருவது, இதற்காகவா இவ்வளவு?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பது புராஜெக்ட் மேனேஜராக இருந்தால் குரல் கொஞ்சம் கனமாகவும் இருக்கும் :-) கேள்வி நியாயமானதுதான். பதில் கணக்கில் இருக்கிறது. ஒரு சர்வர் நாளெல்லாம் விநாடிக்கு ஆயிரம் பைப்களைத் திறந்து மூடினால் ஒரு நாளைக்கு எட்டுக் கோடியே அறுபத்து நான்கு லட்சம். கோடியில் ஒன்று என்பது அங்கே தினமும் எட்டு முறை. அது ஒரு சர்வரில். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒண்டாரியோவிலுமாகச் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. அதன் காரணங்களில் ஒன்று, ஒஹையோவின் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் மென்பொருள் செத்துக் கிடந்தது யாருக்கும் தெரியாமல் போனது. இரண்டு பிராசஸ்கள் ஒரே தரவுக் கட்டமைப்பில் ஒரே நேரத்தில் எழுதும் அனுமதி பெற்றுவிட்டதால் வந்த வழு அது. அதற்கு முன் அந்த மென்பொருள் பல இடங்களிலுமாகச் சேர்த்து 30 லட்சம் மணி நேரத்துக்கு மேல் இந்த வழு தலைகாட்டாமல் ஓடியிருந்தது. அபூர்வம் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்? அந்த அபூர்வம் வந்த அன்று மரங்களில் உரசிய மின்தடங்கள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துகொண்டிருந்தன, அலாரம் அடிக்கவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. தற்செயலாக வருவது வேறு, வேண்டுமென்றே வரவழைப்பது வேறு. விடுவித்த நினைவகத்தைத் தொடும் வழு கிடைத்தால், தாக்குகிறவர் அந்த இடத்தில் தனக்கு வேண்டியதைக் கொண்டுவந்து வைக்கப் பார்ப்பார். ஒரே ஒரு எண் ஒன்று கூடினாலும் அது எந்த எண் என்பதை அவர் தேர்ந்தெடுக்க முடிந்தால் கதை முடிந்தது. இடைவெளி நானோ விநாடிதான் என்றால், லட்சம் முறை முயல்வார். அவருக்கு என்ன அவசரம்?

எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பது இன்னொரு கட்சி. லினக்ஸ் அதையும் பார்த்துவிட்டது. 1996-இல் 2.0 வெளியீட்டில் பல பிராசஸர்களுக்கு ஆதரவு வந்தபோது கெர்னல் முழுவதற்கும் ஒரே 'பெரிய பூட்டு' இருந்தது. ஆரம்பத்தில் எளிமை. பிறகு பிராசஸர்கள் கூடக் கூட, எல்லோரும் ஒரே கழிப்பறை வாசலில் க்யூ நிற்கும் ஹாஸ்டல் காலை மாதிரி ஆனது. அதை முழுதாக ஒழித்தது 2011-இல், 2.6.39 வெளியீட்டில். பதினைந்து வருடம் ஏன்? எந்தப் பூட்டு எதைக் காக்கிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பெரிய பூட்டு எல்லாவற்றையும் காத்ததால் எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. ஒவ்வொரு இடமாகத் தோண்டி, இது எதற்காக இங்கே பூட்டுகிறது என்று கண்டுபிடித்துத்தான் அகற்ற முடிந்தது.

கருவிகள் முன்னேறியிருக்கின்றன என்பதை மறுக்க முடியாது. பூட்டுகளைப் பிடிக்கும் வரிசையில் முரண் இருந்தால், உண்மையிலேயே மாட்டிக்கொள்வதற்கு முன்பே கத்தும் லாக்டெப் 2006-இலேயே வந்துவிட்டது. இங்கோ மோல்னார் எழுதியது. ஆனால் பைப் வழுவில் வரிசை முரண் எதுவும் இல்லை, ஆகவே லாக்டெப் கத்தாது. விடுவித்த நினைவகத்தைத் தொட்டால் பிடிக்கும் கேசான் 2015-இல் 4.0-வோடு வந்தது, இரண்டு வருடம் முன்பே இருந்திருந்தால் அந்த ஐந்து மாதம் குறைந்திருக்கக்கூடும். அதுவும் இடைவெளி திறந்தால்தான். கேசானும் எல்லாவற்றையும் மெதுவாக்குவதுதானே.

ரஸ்ட் மொழி வந்துவிட்டதே, இனி இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கும் கட்சிக்கு வகுப்பில் ஆள் அதிகம். 2022 டிசம்பரில் 6.1-உடன் ரஸ்ட் கெர்னலுக்குள் வந்தது. அதன் மியூடெக்ஸ் தரவைத் தனக்குள்ளே அடைத்து வைத்துக்கொள்கிறது; பூட்டைப் பிடிக்காமல் தரவைத் தொட நிரலே எழுத முடியாது. பொருளின் ஆயுளையும் கம்பைலரே கண்காணிக்கிறது. இது பெரிய விஷயம், சி நிரலாளர்கள் எவ்வளவு மூக்கைச் சுளித்தாலும். இருந்தும் 2025 டிசம்பரில், கெர்னலின் ரஸ்ட் பகுதிக்கு முதன்முதலாகப் பாதுகாப்பு வழு எண் கொடுக்கப்பட்டது எதற்காக? ஆண்ட்ராய்டின் பைண்டரை ரஸ்டில் எழுதிய நிரலில், ஒரு பட்டியலைப் பூட்டுக்குள் இருந்தபடி தன் சொந்த இடத்துக்கு நகர்த்திவிட்டு, பூட்டை விட்ட பிறகு அதில் நடந்து போனது ஒரு த்ரெட். அதே நேரம் பழைய பட்டியலில்தான் இருக்கிறது என்று நம்பி அதே உறுப்பை அகற்றியது இன்னொரு த்ரெட். அந்த இடம் 'அன்சேஃப்' என்று குறிக்கப்பட்ட பகுதி. கம்பைலர் கையை விரித்துவிட்டு நிரலாளரின் வார்த்தையை நம்பும் இடம். ஆக, தேட வேண்டிய இடம் சுருங்கியது. தேட வேண்டிய கேள்வி அதேதான். பூட்டை விட்ட பிறகு அந்தப் பொருள் யாருடையது?

இந்தக் கேள்வியைக் கல்லூரியில் கேட்பது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. ரஸ்டி ரஸல் எழுதிய, கெர்னலுடனேயே இலவசமாக வரும் பூட்டு வழிகாட்டி ('நம்பகமற்ற வழிகாட்டி' என்று அவரே பெயர் வைத்தது!) ஒரு சின்ன கேஷ் நிரலை எடுத்துக்கொண்டு, முதலில் ஒரு பூட்டு, பிறகு பொருளுக்கு ஓர் எண்ணிக்கை, பிறகு பொருளுக்குத் தனிப் பூட்டு என்று படிப்படியாகக் கட்டிக்காட்டுகிறது. ஒரு லேப் வகுப்பில் முடிக்கலாம். ஐந்து தத்துவ ஞானிகளைப் பட்டினி போட வேண்டாம், அவர்களும் இருக்கட்டும். கூடவே ஆறாவதாக ஒரு கேள்வி: சாப்பிட்டு முடித்து ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள், மேசையை மடிப்பது யார்? ஒருவர் கரண்டியைக் கீழே வைக்கும்போது மேசை இருக்கும் என்று யார் உத்தரவாதம்?

வேலைக்குப் போனவர்கள் ஒரு முரணையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பயனர் பக்கத்து நிரல்களுக்கான போசிக்ஸ் தரநிலை, மியூடெக்ஸைத் திறந்த உடனேயே அதை அழித்துவிடலாம் என்று அனுமதிக்கிறது. எண்ணிக்கை வைத்த பொருளைப் பூட்டுக்குள் குறைத்து, திறந்து, அழிக்கும் உதாரணத்தையே அது தருகிறது. அந்த உதாரணத்தைப் படித்து வளர்ந்தவர் அதே பழக்கத்தோடு கெர்னலுக்குள் வந்தால், 2013-இன் வழுவை மனமறிந்து எழுதாமலேயே எழுதிவிடுவார். லினக்ஸ் கெர்னலின் மியூடெக்ஸ் அந்த உத்தரவாதத்தைத் தருவதில்லை. திறந்துவிடும் ஃபங்ஷன், பூட்டை உள்ளே விடுவித்த பிறகும் அதைத் தொடக்கூடும். ஆகவே அடுத்தவர் பூட்டைப் பிடித்துவிட்டார் என்பதாலேயே முந்தியவர் அதைத் தொடவில்லை என்று நினைக்காதீர்கள் என்று கெர்னல் ஆவணத்தில் தெளிவாக எழுத ஒரு திருத்தம் வந்தது 2023 நவம்பர் இறுதியில். பைப் வழு சரியாகி அப்போது ஏறத்தாழப் பத்து வருடம் ஆகியிருந்தது. அந்த ஆவணத் திருத்தத்தில் இயங்கும் நிரல் ஒரு வரிகூட இல்லை.